வால்ஹல்லா வீரசுவர்க்கம் அன்று

ஐரோப்பாவின் வடபுலத்தில், இன்றைய நார்வே, ஸ்வீடன், டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய நாடுகளில் வாழ்ந்த நார்ஸ் மக்களின் புராணங்களைப் பற்றித் தமிழில் பேசுவோர், ‘வால்ஹல்லா’ என்னும் சொல் எதிர்ப்பட்டவுடன் பெரும்பாலும் தயக்கமின்றி அதனை ‘வீரசுவர்க்கம்’ என்று பெயர்த்துவிடுகின்றனர். போரில் விழுப்புண் பட்டு மாண்டவன் அங்கே செல்கிறான்; கன்னியர் மதுக்கிண்ணம் ஏந்தி அவனை எதிர்கொள்கின்றனர்; நாள்தோறும் விருந்து, நாள்தோறும் களிப்பு; வீரத்திற்குத் தெய்வம் அளிக்கும் பரிசு அது. இதுவே நாம் கேட்டுப் பழகிய விளக்கம். இவ்விளக்கம் பிழையானது. வெறும் சொற்பிழையாக நின்றுவிடாமல் பொருளையே தலைகீழாக்கிவிடும் பிழை. அதனினும் மேலாக, இப்பிழை நிலைத்திருப்பதால் ஆதாயம் அடைந்தோர் வரலாற்றில் உண்டு. இம்மூன்றையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கோ பனிநாட்டில் மறைந்துபோன ஒரு சமயத்தின் மேலுலகத்தைப் பற்றி இந்த மலரில் வழக்காடுவானேன் என்று அன்பர்கள் வினவலாம். தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் நம் பிள்ளைகளில் பலருக்குப் பரணியும் கலிங்கமும் தெரியாமல் இருக்கலாம். ஓடினையும் தோரையும் தெரியாத பிள்ளை அரிது. 2011 முதல் வரும் தோர் திரைப்படங்கள், 2013-இல் தொடங்கிய வைக்கிங்குகள் பற்றிய தொலைக்காட்சித் தொடர், 2020-இல் வால்ஹல்லாவின் பெயரையே தாங்கி வெளிவந்த கணினி விளையாட்டு ஆகியவை அந்த உலகை வீட்டுக்கூடத்திற்கே கொண்டுவந்துவிட்டன. பிள்ளைகள் பிறநாட்டுப் புராணம் அறிவது நல்லதே. ஆனால் அதில் பாதியை மட்டும் அறிவது நல்லதன்று. அதுவும், போரில் சாவது இன்பம் என்னும் பாதியை மட்டும் அறிவது கேடு.

முதலில் மூலங்களைக் காண்போம். வால்ஹல்லாவைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி இரண்டு ஐஸ்லாந்து நூல்களிலிருந்து வருகின்றது. ஒன்று, 1270-ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஓர் ஏட்டுச்சுவடியில் காக்கப்பட்ட பழம்பாடல்களின் தொகுதி. இதனைச் ‘செய்யுள் எத்தா’ என்பர். நெடுங்காலம் டென்மார்க்கு அரசரின் நூலகத்தில் இருந்த அச்சுவடி 1971-ஆம் ஆண்டில் ஐஸ்லாந்துக்குத் திரும்பியது. மற்றொன்று, ஸ்நோரி ஸ்துர்லுசன் என்னும் ஐஸ்லாந்துத் தலைவர் 1220-ஆம் ஆண்டையொட்டி இயற்றிய ‘உரைநடை எத்தா’. ஸ்நோரி கிறித்தவர். ஐஸ்லாந்து கிறித்தவத்தை ஏற்றது ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில். அவர் எழுதியதோ இரு நூற்றாண்டுகளுக்குப் பின். இவ்விடைவெளியை நாம் மறத்தலாகாது. பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

இந்நூல்கள் காட்டும் மண்டபம் எத்தகையது? ஈட்டிகளே அதன் உத்தரங்கள். கேடயங்களே அதன் கூரை. இருக்கைகளில் மார்க்கவசங்கள் விரிக்கப்பட்டுள்ளன. மேலைவாயிலில் ஓர் ஓநாய் தொங்குகின்றது. அதன்மேல் ஒரு கழுகு வட்டமிடுகின்றது. ஓநாயும் கழுகும் பிணந்தின்னும் உயிர்கள், போர்க்களத்தின் அடையாளங்கள். கற்பகத் தருவோ, காமதேனுவோ, நந்தவனமோ அங்கில்லை. களத்தில் கிடந்த கருவிகளைக் கொண்டே கட்டிய மண்டபம் அது. உள்ளே வாழ்வோர் ‘ஐன்ஹெர்யார்’ எனப்படுவர். ஒவ்வொரு நாளும் அவர்கள் படைக்கலம் பூண்டு முற்றத்திற்குச் சென்று ஒருவரையொருவர் வெட்டி வீழ்த்துவர். பொழுது சாயும் வேளையில் மீண்டு வந்து பகை நீங்கி ஒரே பந்தியில் அமர்வர். சேஹ்ரிம்னிர் என்னும் பன்றியின் இறைச்சி அவர்களுக்கு உணவு. பகலில் சமைக்கப்பட்ட அப்பன்றி இரவில் மீண்டும் முழுமையாகிவிடும். ஹெய்த்ரூன் என்னும் ஆட்டின் மடியிலிருந்து தேன்மது பெருகும்.

கொன்ற மறுநாளே மீண்டும் கொல்லப்படுவதற்காக எழுப்பப்படும் அந்தப் பன்றியையும், அதே முறையில் வெட்டுண்டு எழும் அந்த வீரர்களையும் ஒருங்கே எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு உண்டு? பாடியவன் இந்த ஒப்புமையை உணராமலா இருந்திருப்பான்?

இவ்விடத்தில் நம்மவர்க்கே உரிய ஒரு மயக்கத்தையும் களைந்துவிடுதல் நன்று. அம்மண்டபத்திற்கு ஐந்நூற்று நாற்பது வாயில்கள் என்றும், இறுதிப்போர் நாளில் ஒவ்வொரு வாயிலிலிருந்தும் எண்ணூறு வீரர் புறப்படுவர் என்றும் பழம்பாடல் கூறுகின்றது. பெருக்கினால் 4,32,000 வருகின்றது. இது கலியுகத்தின் ஆண்டுக் கணக்கு அன்றோ என்று வியந்து, அங்கிருந்து இங்கு வந்தது, இங்கிருந்து அங்கு சென்றது என்று பக்கம் பக்கமாக எழுதுவோர் உளர். ஆனால் பழைய நார்ஸ் வழக்கில் ‘நூறு’ என்பது நூற்றிருபதைக் குறிப்பதும் உண்டு. அவ்வாறு கொண்டால் வாயில்கள் 640, வாயிலுக்கு 960 வீரர், மொத்தம் 6,14,400. கலியுகக் கணக்கு காற்றில் பறந்துவிடுகின்றது. எண்ணொற்றுமை கண்டு மயங்குவோர், அப்பாடல் அந்த எண்ணை எதற்காகச் சொன்னது என்பதைக் கேட்க மறந்துவிடுகின்றனர். போருக்குப் புறப்படும் படையின் தலைகளை எண்ணும் கணக்கு அது. இன்பவுலகில் தலையெண்ணிக்கை எதற்கு?

இக்கேள்விக்கு விடையை ஸ்நோரியின் நூலே தருகின்றது. கில்ஃபி என்னும் அரசன் மாறுவேடத்தில் தெய்வங்களிடம் சென்று வினாக்கள் எழுப்புகின்றான். உலகம் தோன்றிய நாள்முதல் போரில் மாண்டவர் அனைவரும் ஓடினிடம் வந்திருந்தால் அங்குக் கூட்டம் மிகப் பெரிதாயிருக்குமே என்கின்றான். பெரிதுதான், இன்னும் பெரிதாகும், ஆயினும் ஓநாய் வரும் நாளில் அதுவும் போதாது என்பது அவன் பெறும் விடை. அந்த ஓநாயின் பெயர் ஃபென்ரிர். தெய்வங்களால் கட்டிவைக்கப்பட்டிருக்கும் அது, ‘ரக்னரோக்’ என்னும் இறுதிநாளில் கட்டறுத்து வரும், ஓடினை விழுங்கும். இதனை ஓடின் முன்னரே அறிவான். அறிந்தே ஆள் சேர்க்கின்றான். வால்ஹல்லாவின் முழுப்பொருளும் இதில் அடங்கிவிட்டது. அது படைவீடு. ஊண் உண்டு, மது உண்டு, நாள்தோறும் பயிற்சி உண்டு. விடுப்பு மட்டும் இல்லை.

அதே உரையாடலில் கில்ஃபி, அவ்வீரர்கள் தண்ணீரா குடிக்கின்றனர் என்றும் கேட்கின்றான். அரசர்களையும் பிரபுக்களையும் அழைத்துத் தண்ணீரா கொடுப்பார்கள் என்று அவனை எள்ளிய பின்னர், காயங்களின் எரிச்சலைத் தாங்கி உயிர்விட்டு அங்கு வந்தவர்களுக்கு, ஒரு மிடறு தண்ணீர்தான் கிடைக்குமெனில் அது மிகப் பெரிய விலை கொடுத்து வாங்கியதாகத் தோன்றும் என்று விடை வருகின்றது. இது நகையாகச் சொல்லப்பட்டது. ஆனால் அந்த நகையினூடே, சாவின் வேதனை எவ்வளவு என்பதையும், அதற்கு ஈடாகக் கிடைப்பது எவ்வளவு என்பதையும் எடைபோடும் ஒரு குரல் கேட்கின்றது. வீரசுவர்க்கம் என்று பாடுவோரின் செவியில் அக்குரல் விழுவதில்லை.

அடுத்து, அங்கே யார் செல்கின்றார், யார் செல்வதில்லை என்று காண்போம். போரில் மாண்டவர் அனைவரும் ஓடினிடம் செல்வதாக நாம் எண்ணுகின்றோம். பழம்பாடல் அவ்வாறு கூறவில்லை. மாண்டவரில் பாதியை ஃப்ரேயா என்னும் தேவி தேர்ந்துகொள்கின்றாள்; அவர்கள் அவளுடைய ‘ஃபோல்க்வாங்’ என்னும் வெளிக்குச் செல்கின்றனர். மற்றொரு பாடலில், வேறு பெயரில் மறைந்து நிற்கும் ஓடின் தோரை ஏளனம் செய்யும்போது, களத்தில் விழும் பிரபுக்கள் ஓடினுக்கு, அடிமைகள் தோருக்கு என்கின்றான். பகடியானாலும், தலைவனுக்கு ஒரு சாவும் அடிமைக்கு வேறொரு சாவும் என்னும் அந்த உலகத்தின் வழக்கு அதில் வெளிப்படுகின்றது. நோயாலும் முதுமையாலும் இறந்தோர் ஹெல் என்பவளின் கீழுலகிற்குச் செல்வர் என்கிறார் ஸ்நோரி. கடலில் மூழ்கியோரை ரான் என்பவள் வலைவீசிக் கொள்கின்றாள். உழுது விளைத்து, பெற்று வளர்த்து, மூத்து முதிர்ந்து இறந்தவர்க்கு வால்ஹல்லாவில் இடமில்லை. தெய்வங்களுள் மிக நல்லவனும் அனைவராலும் நேசிக்கப்பட்டவனுமான பால்டர்கூடப் புல்லுருவிக் கொம்பால் தற்செயலாகக் கொல்லப்பட்டு ஹெல்லிடம்தான் செல்கின்றான். ஓடினின் சொந்த மகன் அவன். நன்மைக்குப் பரிசு தரும் உலகமாயின் பால்டருக்கு அன்றோ முதலிடம் இருந்திருக்க வேண்டும்?

இவ்விடத்தில் புறநானூறு நினைவுக்கு வருதல் இயல்பு. நோயால் இறந்த அரசரின் உடலைப் புல்லின்மேல் கிடத்தி, போரில் பட்ட மறவர் செல்லும் இடத்திற்குச் செல்க என்று வாளால் பிளந்து அடக்கும் வழக்கத்தை, அதியமானின் புண்ணைப் பாடும் ஔவையாரின் பாட்டு ஒன்று குறிக்கின்றது. ஸ்நோரி எழுதிய அரசர் வரலாற்றிலும், ஓடினை ஒரு பண்டைய மன்னனாகக் கொண்டு, நோயுற்றுப் படுக்கையில் இறக்கும் தறுவாயில் அவன் ஈட்டி முனையால் தன் உடலில் குறியிட்டுக்கொண்டான் என்று ஒரு செய்தி வருகின்றது. வியப்பூட்டும் ஒற்றுமைதான். ஆயின் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பதற்குச் சான்றில்லை; அவ்வாறு கூறிப் பெருமை கொள்ளவும் தேவையில்லை. போரால் வாழும் ஆட்சி எங்கெங்கு உண்டோ, அங்கெல்லாம் படுக்கையில் சாவது இழிவு என்னும் எண்ணம் முளைக்கும் என்பதே இவ்வொற்றுமை நமக்குக் கற்பிக்கும் பாடம். அந்த இழிவு அரசனையும் விடவில்லை; எனவே அவனுக்கென ஒரு பொய்ப்புண் உண்டாக்கப்பட்டது. அரசனுக்கு ஒரு கீறல் போதும். படைவீரனுக்குத்தான் முழுச்சாவு தேவைப்பட்டது.

இனி, அழைப்பவனைப் பற்றிச் சில சொற்கள். உலகின் முதற்போரில் பகைக்கூட்டத்தின்மேல் ஈட்டி எறிந்து தொடங்கிவைத்தவன் ஓடினே. அரசரை அரசரோடு மூட்டிவிட்டேன், அவர்களை ஒருபோதும் இணங்கவிட்டதில்லை என்று அவனே ஒரு பாடலில் செருக்குடன் கூறுகின்றான். வெற்றிக்குத் தகுதியற்றவர்க்கு வெற்றி கொடுத்தாய் என்று லோகி அவன்மேல் குற்றம் சாட்டும்போது, அவன் அதனை மறுப்பதில்லை, எதிர்வசைதான் பொழிகின்றான். நல்லவன் தோற்பது ஏன் என்னும் கேள்விக்கு அச்சமயம் கண்ட விடை இதுவே: சேர்ப்போனுக்கு நல்ல வீரன் தேவைப்படுகின்றான், ஆகவே நல்ல வீரன் முன்னதாகச் சாக வேண்டும்.

ஹெல்கி, சிக்ரூன் ஆகியோரின் கதையில் இவ்வுண்மை மனம் உருகும்படி நிற்கின்றது. சிக்ரூனின் தந்தை ஹெல்கியோடு நிகழ்ந்த போரில் மாண்டவர். அவளுடைய உடன்பிறந்தானாகிய தாக் பழிவாங்க விரும்பி ஓடினுக்குப் பலியிடுகின்றான். ஓடின் தன் ஈட்டியையே அவனுக்குத் தருகின்றான். அதனால் தன் தமக்கையின் கணவனைக் குத்திக் கொன்ற தாக், பின்பு அவளிடம் வந்து, உறவினரிடையே பகையை விதைத்த ஓடின் ஒருவனே இத்தீங்கு அனைத்திற்கும் காரணம் என்கின்றான். எந்த ஈட்டியால் ஹெல்கி மாண்டானோ அதன் உரிமையாளன்தான் வால்ஹல்லாவில் ஹெல்கியை வரவேற்றுத் தன்னோடு ஆளவும் அழைக்கின்றான்! அங்கே ஹெல்கி செய்வது என்ன? தான் முன்பு கொன்ற ஹுண்டிங்கை ஏவுகின்றான்: பிறர் கால்களைக் கழுவு, தீ மூட்டு, நாய்களைக் கட்டு, குதிரைகளைக் கவனி, பன்றிகளுக்குத் தீனி இடு. தோற்றவனுக்கு இறந்தபின்னும் ஊழியம் தீரவில்லை. இதுவா சுவர்க்கம்?

ஒரு மாலை ஹெல்கி தன் புதைமேட்டிற்குத் திரும்பி வருகின்றான். சிக்ரூன் ஓடிச் செல்கின்றாள். அவன் முடியில் உறைபனி. உடல் முழுதும் குருதி. கைகள் சில்லென்று குளிர்ந்திருக்கின்றன. நீ இரவில் சிந்தும் கண்ணீர்தான் என் மார்பில் குருதியாய் விழுகின்றது என்கின்றான் அவன். அந்தப் புதைமேட்டுக்குள்ளேயே அவள் அவனுக்குப் படுக்கை விரிக்கின்றாள். ஆனால் வால்ஹல்லாவின் சேவல் கூவுமுன் அவன் திரும்பிவிட வேண்டும். மறுநாள் மாலை அவள் காத்திருக்கின்றாள், அவன் வரவில்லை. துயரத்தால் அவள் நெடுநாள் வாழவில்லை என்று கதை முடிகின்றது. மதுவும் விருந்தும் நிறைந்த மண்டபத்தைவிட்டு ஓரிரவு மண்மேட்டில் மனைவியோடு கிடக்க விழைந்தவனைப் படைத்த புலவன், வால்ஹல்லாவை எவ்வாறு மதித்தான் என்பதை நான் விளக்கவும் வேண்டுமோ?

மற்றொரு சான்று ஐஸ்லாந்துப் பெரும்புலவன் எகில் ஸ்கல்லாக்ரிம்சன். போர்வெறியும் கவித்திறனும் ஒருங்கே கொண்ட அவன் ஓடினின் அடியவன். பத்தாம் நூற்றாண்டில் அவனுடைய மகன் கடலில் மூழ்கி இறந்தபோது, உண்ணாமல் உயிர்விடத் துணிந்தான். மகள் தோர்கெர்த் அவனைத் தேற்றி இரங்கற்பா பாடத் தூண்டினாள் என்பது வரலாறு. அப்பாவில் அவன் ஓடினை, நட்பை முறித்தவன் என்றே குறிக்கின்றான். தனக்குக் கவித்திறனைத் தந்ததற்காக மட்டும் ஒருவாறு மன்னிக்கின்றான். வாழ்நாள் முழுதும் வாளேந்திய ஒருவன், இறுதியில் அத்தெய்வத்திடம் நன்றிக்குரியதாகக் கண்டது வால்ஹல்லாவை அன்று, கவிதையை.

ஓடினின் வாய்மொழியாகவே வழங்கும் அறிவுரைத் தொகுதி ஒன்றும் உண்டு. அதில், முடவனும் கையற்றவனும் செவிடனும் குருடனும் உயிரோடு இருந்தால் ஏதேனும் ஒரு பயன் உண்டு. பிணத்தால் எவர்க்கும் பயனில்லை என்னும் கருத்து வருகின்றது. பிணங்களைச் சேர்ப்பவன் பெயராலேயே இவ்வறிவுரையும் வழங்குவது கவனிக்கத்தக்கது. அம்மக்கள் மூடர் அல்லர். பண்ணையில் கால்நடை மேய்த்து, குளிரில் பிள்ளைகளைக் காத்து வாழ்ந்த மக்களுக்கு உயிரின் அருமை நன்கு தெரிந்திருந்தது.

இத்தனைக்கும் பிறகு இறுதிநாளில் கிடைப்பது வெற்றியா? அதுவும் இல்லை. ஓநாய் ஓடினை விழுங்குகின்றது. விதார் என்னும் மகன் பழிதீர்க்கின்றான். தோரும் உலகைச் சுற்றிய பாம்பும் ஒருவரால் ஒருவர் மடிகின்றனர். தீ எழுந்து அனைத்தையும் விழுங்குகின்றது. பின்னர்க் கடலிலிருந்து பசுமையான நிலம் மீண்டும் எழுகின்றது. விதையாத வயல்கள் விளைகின்றன. அப்புது உலகில் வாழ வருவோர் யாவர்? பால்டரும் அவனை அறியாமல் கொன்ற ஹோதும் பகை நீங்கி ஒன்றாக வருகின்றனர். தெய்வங்களின் மக்கள் சிலர் எஞ்சுகின்றனர். காட்டில் ஒளிந்து பனித்துளி உண்டு பிழைத்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மனிதகுலத்தைத் தொடர்கின்றனர். நூற்றாண்டுகளாய் வெட்டுண்டு எழுந்து பயின்ற அந்த இலட்சக்கணக்கான வீரர்கள் எங்கே? அவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. புது உலகம் பிழைத்தவர்களுக்கும் இணங்கியவர்களுக்குமே கிடைத்தது.

இவ்வளவு தெளிவான கதை எவ்வாறு வீரப்பரிசாக மாறியது? ஓநாயைக் கதையிலிருந்து நீக்கியதனால் மாறியது. 1636-இல் டென்மார்க்கு அறிஞர் ஓலே வோர்ம் வெளியிட்ட நூலொன்றில், விலங்கின் கொம்பைக் குறிக்கும் ஒரு கவிதைத் தொடர் தவறாகப் பெயர்க்கப்பட்டு, வால்ஹல்லாவில் வீரர்கள் பகைவரின் மண்டையோட்டில் மது அருந்துவதாக ஐரோப்பா முழுதும் நம்பியது. ஒரு பெயர்ப்புப் பிழை என்ன செய்யும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 1842-இல் பவேரிய மன்னன் முதலாம் லுத்விக், ரேகன்ஸ்பர்க் நகருக்கு அருகே தன்யூப் ஆற்றங்கரையில் கிரேக்கக் கோயில் வடிவில் ஒரு நினைவகம் திறந்து அதற்கு வால்ஹல்லா என்று பெயரிட்டான். அதில் புலவர்க்கும் அறிஞர்க்கும் சிலைகள் உண்டு என்பது உண்மை. ஆயினும் அன்றுமுதல் அச்சொல் நாட்டுப் பெருமையின் சொல்லாயிற்று. 1876-இல் பைராய்ட் நகரில் வாக்னரின் இசைநாடகத் தொகுதி முழுமையாக அரங்கேறியது. வாக்னர் நேர்மையானவர், அவருடைய வோட்டான் அச்சத்தால்தான் வீரரைச் சேர்க்கின்றான், இறுதியில் வால்ஹல்லா எரிந்தே போகின்றது. ஆனால் கண்டோர் எரிந்ததை மறந்து, உடையமைப்பாளர் டோப்ளர் அணிவித்த கொம்புத் தலைக்கவசத்தை மட்டும் நினைவில் கொண்டனர். வைக்கிங்குகள் போரில் கொம்புக் கவசம் அணிந்ததற்குச் சான்றே இல்லை.

1934 ஆகஸ்டு 7-ஆம் நாள், தானன்பெர்க் நினைவிடத்தில் படைத்தலைவர் ஹிண்டன்பர்க்கின் இறுதிச்சடங்கு நிகழ்ந்தது. தம் எண்பத்தாறாம் வயதில் நோயுற்று இறந்த அம்முதியவரை, வால்ஹல்லாவுக்குள் செல்வீராக என்று வழியனுப்பித் தம் உரையை முடித்தவர் இட்லர். ஐந்தே ஆண்டுகளில் போர் மூண்டது. 1940-இல் வட ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் இளைஞர்களைத் திரட்டி அமைத்த நாத்சிப் படைப்பிரிவு ஒன்றுக்கு ‘வைக்கிங்’ என்றே பெயர் சூட்டினர். முதுமையில் இறந்த தலைவனுக்கு வால்ஹல்லா சொற்பரிசு. இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அது ரஷ்யப் பனிவெளியில் மெய்ச்சாவு. ஈட்டிக் கீறலைப் பற்றி மேலே கூறியதை அன்பர்கள் இங்கே மீண்டும் நினைவுகூர வேண்டுகிறேன்.

எதிர்வாதங்களுக்கு வருவோம். ஸ்நோரி கிறித்தவர் அன்றோ, பழஞ்சமயத்தை இருளாகக் காட்டுவதற்காக அவரே ஓநாயை முன்னிறுத்தியிருக்கலாம் அன்றோ என்பது முதல் வாதம். இது நின்றுபோகும் வாதமன்று. 954-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடபகுதியில் கொல்லப்பட்ட எரிக் என்னும் மன்னனுக்காக அவன் மனைவி பாடச்செய்ததாகக் கூறப்படும் பாடல், ஸ்நோரிக்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு முற்பட்டது. அதில் எரிக்கை வரவேற்க ஓடின் மண்டபத்தை ஒழுங்கு செய்கின்றான். அவ்வளவு பெரிய வீரனாயின் அவனிடமிருந்து வெற்றியை ஏன் பறித்தாய் என்னும் கேள்வி எழுகின்றது. சாம்பல்நிற ஓநாய் தெய்வங்களின் வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கின்றது, அது எந்நாள் வரும் என்று அறியோம் என்பது விடை. 961-ஆம் ஆண்டளவில் ஃபித்யார் போரில் பட்ட ஹாக்கோன் மன்னனுக்கு எய்விந்த் என்னும் புலவன் பாடிய பாடலிலும், வெற்றிக்குத் தகுதியான எங்களை ஏன் வீழ்த்தினீர்கள் என்று மன்னன் கன்னியரைக் கேட்கின்றான். வால்ஹல்லாவின் வாயிலில் நின்றும் ஓடினை நம்பாமல், எங்கள் படைக்கலங்களை நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்கின்றான். பழஞ்சமயம் உயிரோடிருந்த காலத்தில், அரசவையிலேயே, புகழ்ப்பாடலிலேயே இந்த ஐயம் ஒலித்தது. ஓநாய் ஸ்நோரியின் கற்பனையன்று.

இரண்டாம் வாதம் இன்னும் ஆழமானது. தோல்வி உறுதி என்று தெரிந்தும் நிற்பதே வடபுலத்து வீரத்தின் சிறப்பு என்பர். ஆங்கிலப் பேராசிரியர் டோல்கியன் 1936-ஆம் ஆண்டு ஆற்றிய புகழ்மிக்க உரையில் இத்துணிவைப் போற்றினார். அதனை நானும் மதிக்கின்றேன். காக்க வேண்டியதைக் காக்கத் தோல்வி தெரிந்தும் நிற்பவன் பெரியவனே. ஆயின் அத்துணிவு, விடையறிந்து தானே தேர்ந்தவனுக்கு உரியது. விருந்தும் மதுவும் காட்டிச் சேர்க்கப்பட்டவன் எதைத் தேர்ந்தான்? முடிவு அறிந்தவன் ஓடின். முடிவு அறியாமல் செத்தவன் படைவீரன். அதே டோல்கியன், 1941-இல் படைப்பயிற்சியில் இருந்த தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில், தாம் நேசித்த அந்த வடபுல உணர்வை இட்லர் சீரழித்துவிட்டதாகக் கொதித்தார். நேசித்தவர்க்குத்தான் அச்சீரழிவு தெரிந்தது.

ஆகவே பிள்ளைகளிடம் வால்ஹல்லாவைப் பேசாதீர்கள் என்று நான் கூறவில்லை. முழுவதும் பேசுங்கள் என்கிறேன். திரையில் வாளை உயர்த்தி வால்ஹல்லா என்று முழங்கும் வீரனை அவர்கள் கண்டு மகிழும்போது, அந்த மண்டபம் எதற்காகக் கட்டப்பட்டது என்று கேளுங்கள். சிக்ரூன் காத்திருந்த அந்த இரண்டாம் மாலையைச் சொல்லுங்கள். பன்றிகளுக்குத் தீனி இடும் ஹுண்டிங்கைச் சொல்லுங்கள். புது உலகில் யார் எஞ்சினர் என்று எண்ணச் செய்யுங்கள். கதை சுவை குன்றிவிடாது. மூலத்தில் உள்ள கதை திரையில் உள்ளதைவிடப் பன்மடங்கு பெரியது.

தமிழில் எழுதுவோர்க்கு ஒரு வேண்டுகோள். ‘வால்’ என்னும் பழைய நார்ஸ் சொல்லுக்குப் போர்க்களத்தில் விழுந்து கிடப்போர் என்பதே பொருள். பிற்பகுதியாகிய ‘ஹோல்’ என்பது மண்டபம். ‘வீரம்’ என்பதும் அச்சொல்லில் இல்லை. ‘சுவர்க்கம்’ என்பதும் இல்லை. அதற்கு நேர்நிகரான சொல் நம்மிடம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உண்டு. செங்கம் வட்டாரத்து நடுகற்களில், ஆநிரை மீட்டு இறந்தவனைப் பற்றி எழுதுகையில் அக்கல்லெழுத்து அவன் எந்த உலகம் புகுந்தான் என்று அளப்பதில்லை. இன்னான் ‘பட்டான்’ என்று கூறி நின்றுவிடுகின்றது. விழுந்தவனை விழுந்தவன் என்றே கூறும் நேர்மை அச்சொல்லில் இருக்கின்றது. இனி வால்ஹல்லாவைத் தமிழில் ‘பட்டோர் மண்டபம்’ என்று எழுதுவோம். ஓநாய் வாயிலில் தொங்கும் அந்த மண்டபத்துக்கு அதுவே பொருந்தும் பெயர்.